நூல் ஏற்றிய சுடர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரின் பிளாண்ட்போர்டு வீதியில் ரீபோ என்பவர் ஒரு புத்தகக் கடை வைத்திருந்தார். நூல்களை விற்பதோடு, பிறர் கொணர்ந்து கொடுக்கும் ஏடுகளைத் தைத்து அட்டை கட்டித் தருவதும் அவர் தொழில். 1804-ஆம் ஆண்டில் அக்கடைக்கு ஏழைச் சிறுவன் ஒருவன் ஏவலாளாக வந்து சேர்ந்தான். செய்தித்தாள்களை வாடிக்கையாளர் வீடுகளிற் கொடுத்து, அவர்கள் படித்து முடித்தபின் திரும்பப் பெற்று, வேறு வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவன் வேலை. செய்தித்தாளின் விலை மிகுந்திருந்த அக்காலத்தில் ஒரே தாளைப் பல வீட்டார் வாடகைக்கு வாங்கிப் படிப்பது வழக்கமாயிருந்தது. அச்சிறுவனின் பெயர் மைக்கேல் பாரடே.

மைக்கேல் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் பிறந்தவன். அவன் தந்தையார் கொல்லர், நோயாளர். உலைக்களத்தில் நாள்தோறும் நின்று உழைக்க அவர் உடல் இடங்கொடுக்கவில்லை. 1801-ஆம் ஆண்டில் தானிய விலை கடுமையாக ஏறியபோது, ஒன்பது வயதுச் சிறுவனாகிய மைக்கேலுக்கு வாரம் ஒன்றுக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்தனர். வாசிப்பு, எழுத்து, சிறிது கணக்கு, இவ்வளவே அவன் பள்ளியிற் பெற்ற கல்வி. ஓராண்டு ஏவலாளாக நேர்மையுடன் உழைத்தமை கண்டு, 1805-ஆம் ஆண்டில் ரீபோ அவனைத் தொழில் பயிலும் மாணாக்கனாக ஏற்றுக்கொண்டார். தொழில் பயில வருவோர் முதலாளிக்குப் பணம் கட்டுவது அந்நாளைய முறை. ரீபோ அப்பணத்தை வாங்கவில்லை. 7 ஆண்டுகள் தம்மிடம் இருந்து வேலை கற்க வேண்டும் என்பது உடன்படிக்கை.

புத்தகம் கட்டும் தொழிலாளிக்குப் புத்தகம் என்பது ஒரு பண்டம். தாள்களை மடித்து அடுக்குவான், ஊசி கோத்துத் தைப்பான், பசை தடவுவான், அட்டை வைத்து அழுத்துவான், அடுத்ததை எடுப்பான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்க்கவேண்டிய தேவை இல்லை. மைக்கேலோ, தைப்பதற்காகத் தன் கைக்கு வந்த தாள்களைப் பகலிற் புரட்டிப் பார்த்தான். வேலை முடிந்த பின்னர் இரவில் அமர்ந்து படித்தான். தடுத்திருக்கக்கூடிய முதலாளி தடுக்கவில்லை. ரீபோவின் இந்தப் பெருந்தன்மையை விஞ்ஞான வரலாறு எழுதுவோர் ஓரிரு வரிகளிற் சொல்லிச் சென்றுவிடுகின்றனர். அவர் முகங் கடுத்திருப்பாராயின் அச்சிறுவன் தாள்களை மடித்துக்கொண்டே மூப்படைந்திருக்கவும் கூடும்.

அங்ஙனம் அவன் கைக்கு வந்தவற்றுள் இரண்டு நூல்கள் அவன் வாழ்வை மாற்றின. ஒன்று, 'பிரிட்டானிக்கா' கலைக்களஞ்சியம். அதில் மின்சாரம் பற்றி நீண்டதொரு கட்டுரை இருந்தது. அதனைப் படித்த மைக்கேல், ஒரு கண்ணாடிப் புட்டியையும் கிடைத்த பிற பொருள்களையும் கொண்டு, தேய்ப்பினால் மின்சாரம் உண்டாக்கும் சிறு பொறி ஒன்றைத் தானே செய்தான். கடையின் பின்புற அறையே அவனுடைய சோதனைச் சாலை. தன் கையிற் சேரும் சில பென்சுகளை அவன் தின்பண்டத்திற்குச் செலவிடாமல், மருந்துப் பொருள்களும் கண்ணாடிக் கலங்களும் வாங்கச் செலவிட்டான்.

மற்றொன்று, 'இரசாயன உரையாடல்கள்' என்னும் நூல். அது இரண்டு தொகுதிகளாக வெளிவந்திருந்தது. அதன் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை.

அந்நூலை எழுதியவர் ஜேன் மார்செட் என்னும் பெண்மணி. 1769-ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்த அவர், சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய வணிகர் ஒருவரின் மகள். ஜினீவா நகரத்தவரான மருத்துவர் ஒருவரின் மனைவி. சர் ஹம்ப்ரி டேவி என்னும் பேரறிஞர் இலண்டனில் 'ராயல் இன்ஸ்டிடியூஷன்' என்ற கழகத்தில் இரசாயனச் சொற்பொழிவுகள் ஆற்றிவந்தார். மார்செட் அம்மையார் அவற்றைச் சென்று கேட்டார். டேவியின் பேச்சும் சோதனைகளும் கண்ணையும் காதையும் கவர்ந்தனவேனும், அடிப்படை அறியாதவர்க்கு அவை விரைந்து ஓடும் ஆற்றுநீர் போலக் கைக்கு அகப்படாமற் சென்றன. பின்னர் நண்பர் ஒருவருடன் உட்கார்ந்து, ஐயங்களைக் கேட்டும் விடை பெற்றும், சோதனைகளை மீண்டும் செய்து பார்த்தும் பயின்றபோதுதான் அம்மையாருக்குப் பொருள் விளங்கிற்று. தாம் கற்ற வழியிலேயே பிறரும் கற்கலாம் என்று கருதி அவர் எழுதிய நூலே 'இரசாயன உரையாடல்கள்'. பெண் ஒருத்தி இரசாயனம் பற்றி எழுதுவதை உலகம் ஏற்குமோ என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அதனை முன்னுரையில் மறைக்காமற் குறிப்பிட்டார். நூல் வெளிவந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் பெயர் முகப்பில் ஏறியது.

இந்நூலில் மூவர் பேசுகின்றனர். ஆசிரியை ஒருவர், எமிலி, கரோலின் என்னும் மாணவியர் இருவர். எமிலி பொறுமையுடையவள், படிப்படியாகச் செல்வாள். கரோலின் துடுக்கானவள். இரசாயனம் சுவையுடையதாக இருக்கும் என்று தனக்குத் தோன்றவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். இயற்கையைப் பேரளவிற் காட்டும் துறைகளே அவளுக்குப் பிடித்தமானவை. அவளை ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. இரசாயனம் என்றால் மருந்துக்கடையின் சிறு எல்லைக்குள் அடங்கியது என்று அவள் எண்ணிவிட்டதே அவ்வெறுப்புக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டி, இயற்கை முழுவதுமே ஒரு பெரிய சோதனைச் சாலையாக இருப்பதை மெல்ல மெல்ல அவளுக்குப் புலப்படுத்துகிறார்.

கரோலினைப் போன்ற ஒரு மாணவியை நூலுள் அமைத்ததே மார்செட் அம்மையாரின் தனித்திறம். படிப்பவர் உள்ளத்தில் எழும் ஐயத்தை அவர் எழுப்புமுன் அவள் எழுப்புகிறாள். அவர் கேட்க நாணும் கேள்வியை அவள் நாணாமற் கேட்கிறாள். 'இதை எப்படி அறிந்தார்கள்?' என்பது அவள் வினாக்களுக்கெல்லாம் அடிப்படையாய் நிற்கும் வினா. விடை பெரும்பாலும் சொல்லில் இராது, மேசைமேல் இருக்கும். ஆசிரியை ஒரு கலத்தை எடுப்பார். ஒன்றை மற்றொன்றிற் கலப்பார். என்ன நிகழ்கிறது என்று பாருங்கள் என்பார்.

மைக்கேல் இந்நூலைப் படித்த முறையும் குறிப்பிடத்தக்கது. நூலிற் கண்டவற்றை அவன் அப்படியே நம்பிவிடவில்லை. தன் சிறு வருவாய்க்கு எட்டிய சோதனைகளையெல்லாம் தானே செய்து பார்த்தான். பின்னாளில், 1858-ஆம் ஆண்டில், நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இளமையில் தாம் ஆழ்ந்து சிந்திப்பவராக இருந்ததில்லை என்றும், கற்பனை மிகுந்தவராகையால் கலைக்களஞ்சியத்தை நம்பியது போலவே அரபுக் கதைகளையும் எளிதில் நம்பக்கூடியவராக இருந்தார் என்றும், மெய்ம்மைகளின் மீது கொண்ட பற்றே தம்மைக் காத்தது என்றும் எழுதினார். ஒருவர் ஒன்றைக் கூறினால் அதனைக் குறுக்கு விசாரணை செய்யாமல் அவர் ஏற்பதில்லை. மார்செட் அம்மையாரின் நூலை அவ்வாறு விசாரித்தபோது அது ஒவ்வொரு முறையும் உண்மை கூறும் சாட்சியாக நின்றது. அலையில் ஆடும் கலத்திற்கு நங்கூரம் கிடைத்தாற்போல் அந்நூல் தமக்குக் கிடைத்ததாக அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இவ்வாறு செய்து பார்க்கும் பழக்கம் அவரிடம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்கு 1812-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் எழுதிய மற்றொரு கடிதம் சான்று. துத்தநாகத் தகட்டிலிருந்து அரைப் பென்னி நாணயத்தின் அளவில் 7 வட்டங்களைத் தம் கையாலேயே வெட்டினார். ஒவ்வொன்றுடனும் ஓர் அரைப் பென்னிச் செப்பு நாணயத்தைச் சேர்த்தார். இணைகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த தாள்களை வைத்து அடுக்கினார். அவ்வளவே, அதுவே மின்கலம் ஆயிற்று. அதிலிருந்து வந்த மின்சாரத்தைக் கொண்டு பேதியுப்பின் கரைசலைப் பிரித்தும் காட்டினார். கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் துள்ளும் மகிழ்ச்சியைப் படிப்பவர் உணரலாம். அப்போது அவருக்கு வயது 20. இன்னும் புத்தகம் கட்டுபவரே.

விஞ்ஞான நூல்கள் எல்லாம் இத்தகைய மகிழ்ச்சியைத் தருவதில்லை. ஒரு பொருளின் இலக்கணத்தை முதல் வரியிலும், அதன் பண்புகளை எண்ணிட்டு அடுத்த வரிகளிலும், பயன்களை இறுதியிலும் கூறி முடிக்கும் நூல்கள் மிகப் பல. அவற்றில் பிழை ஒன்றும் இராது. தேர்வுக்கு முதல்நாள் அவை உதவவும் செய்யும். ஆயினும் அவற்றைப் படித்த மாணவனிடம் 'இது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால், 'நூலில் இருக்கிறது' என்பதைத் தவிர வேறு விடை அவனிடம் இராது. அவ்விடையைச் சொல்பவன் விஞ்ஞானத்தை நம்புகிறானேயன்றி அறிந்தவன் ஆகான். நாளை வேறொரு நூல் பொய்யை அச்சிட்டுக் கொடுத்தால் அதனையும் அவன் அவ்வாறே நம்புவான். அரபுக் கதையையும் கலைக்களஞ்சியத்தையும் ஒன்றாகவே நம்பியிருக்கக்கூடிய சிறுவன் அந்த இடரினின்று தப்பியது எவ்வாறு என்பதைப் பாரடேயின் வரலாறு காட்டுகிறது.

அவர் வாழ்வின் அடுத்த பகுதி பலரும் அறிந்தது. டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் நிகழ்த்திய விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்குக் கட்டணம் தலைக்கு 1 ஷில்லிங்; அதனைக் கொல்லுத்தொழில் செய்த தமையனார் ராபர்ட் கொடுத்தார். அங்குக் கேட்டவற்றை மைக்கேல் அழகுற எழுதி, படம் வரைந்து, நூலாகக் கட்டி வைத்திருந்ததைக் கண்டு வியந்த கடை வாடிக்கையாளர் டான்ஸ் என்பவர், டேவியின் சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். 1812-ஆம் ஆண்டில் அவ்வாறு நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட பாரடே, அவற்றையும் விரிவாக எழுதித் தம் கையாற் கட்டி, அவ்வாண்டின் இறுதியில் டேவிக்கே அனுப்பினார். விஞ்ஞானத்தில் வருவாய் குறைவு, கைத்தொழிலை விடவேண்டா என்பதே டேவி முதலிற் கூறிய அறிவுரை. ஆனால் சில வாரங்களில் சோதனைச் சாலையில் உதவியாளர் இடம் ஒழிந்தது. 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல்நாள், வாரம் 25 ஷில்லிங் ஊதியத்தில் பாரடே ராயல் இன்ஸ்டிடியூஷனில் அமர்ந்தார். 1831-ஆம் ஆண்டில், கம்பிச் சுருளினருகே காந்தத்தை இயக்கினால் கம்பியில் மின்சாரம் பிறப்பதைக் கண்டார். மின்சார நிலையங்களில் இன்று சுழலும் பெரும் பொறிகள் யாவும் அந்த உண்மையின் மேல் இயங்குபவை.

இதற்கிடையில், 'இரசாயன உரையாடல்கள்' நூலின் ஆசிரியரைப் பாரடே நேரில் அறியும் வாய்ப்பும் பெற்றார். தமக்கு முதன்முதல் இரசாயனம் கற்பித்த ஆசிரியர் இவரே என்று அவர் வாழ்நாள் முழுதும் போற்றினார். தம் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவருந்தோறும் அதன் படி ஒன்றைக் காணிக்கை போல அம்மையாருக்கு அனுப்புவது அவர் வழக்கம். அம்மையாரும் தம் நூல்களை எழுதியது எழுதியபடியே விட்டுவிடவில்லை. 'இரசாயன உரையாடல்கள்' 1853-ஆம் ஆண்டுக்குள் இங்கிலாந்தில் 16 பதிப்புகள் கண்டது. அமெரிக்காவிலும் பன்முறை அச்சாயிற்று. புதுப் பதிப்புகளுக்காக அவர் புதிய கண்டுபிடிப்புகளைத் தேடி அறிந்து சேர்த்தார். பாரடேயிடமும் கடிதம் வாயிலாகச் செய்தி கேட்டார். தம் நூலைப் படித்து விஞ்ஞானியானவரிடமே அந்நூலைத் திருத்தச் செய்தி கேட்கும் பேறு எத்தனை ஆசிரியருக்கு வாய்க்கும்! மார்செட் அம்மையார் 1858-ஆம் ஆண்டில், 89-ஆம் வயதில் காலமானார். மேலே சொல்லிய நங்கூரக் கடிதம் அவர் மறைந்த சில திங்களில் எழுதப்பட்டதே.

தாம் பெற்ற கொடையைப் பாரடே அடுத்த தலைமுறைக்கு வழங்கவும் செய்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமசு விடுமுறைக் காலத்தில் இளையோருக்கென்றே சொற்பொழிவுத் தொடர் நிகழ்த்தும் வழக்கம் 1825-ஆம் ஆண்டில் தொடங்கியது. இடையில் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்றதொழிய, அது இன்றும் நடைபெற்று வருகிறது. 1827-ஆம் ஆண்டுக்கும் 1861-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கும் இடையே பாரடே 19 முறை அத்தொடரை நிகழ்த்தினார். உலகம் போற்றும் விஞ்ஞானி, உள்ளத்தால் தாமும் ஓர் இளைஞரே என்று கூறிக்கொண்டு சிறுவர்முன் நின்றார். கையில் உள்ள கல்லை விட்டால் அது கீழே விழும் என்று சொல்ல நேர்ந்தாலும், சொல்லோடு நில்லாமல் கையைத் திறந்து கல்லை விழவிட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர் இளம் பேச்சாளர் ஒருவருக்குக் கூறிய அறிவுரை.

அத்தொடர்களுள் தலையாயது மெழுகுவத்தியின் இரசாயன வரலாறு பற்றியது. 1848-ஆம் ஆண்டில் ஒரு முறையும், 1860-ஆம் ஆண்டு இறுதியில் மறுமுறையும் அதனை அவர் நிகழ்த்தினார். ஆறு சொற்பொழிவுகளுக்கும் பொருள் ஒரு மெழுகுவத்தியே. அரிய பொருளைத் தேடி அவர் செல்லவில்லை. அந்நாளில் ஏழை வீட்டிலும் இருந்த பொருள் அது. கேட்ட சிறுவர் ஒவ்வொருவரும் வீட்டுக்குச் சென்று தாமே பார்த்து அறியக்கூடியது.

முதலில் அவர் பலவகை மெழுகுவத்திகளைக் காட்டினார். மாட்டுக் கொழுப்பினால் ஆனது, தேன்மெழுகினால் ஆனது, திமிங்கிலத்தின் தலையிற் கிடைக்கும் கொழுப்பினால் ஆனது என அவை பல. 1782-ஆம் ஆண்டில் மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' என்னும் போர்க்கப்பலிலிருந்து மீட்ட ஒன்றும் அவற்றுள் இருந்தது. 50 ஆண்டுகளுக்கு மேல் கடலின் உப்புநீரிற் கிடந்தும் அது எரிந்தது!

பின்னர் வினாக்கள் பிறந்தன. மெழுகு திடப்பொருள், சுடரோ மேலே, திரியின் நுனியில் இருக்கிறது. கீழேயுள்ள மெழுகு மேலேயுள்ள சுடரை எவ்வாறு சென்றடைகிறது? சுடரின் வெப்பத்தால் மெழுகு உருகுகிறது. வெப்பமுற்ற காற்று மேலெழ, சுற்றிலுமிருந்து குளிர்ந்த காற்று வத்தியின் பக்கங்களைத் தழுவிக்கொண்டு ஏறுகிறது. அதனால் விளிம்பு குளிர்ந்து உருகாமல் நிற்க, நடுவில் மட்டும் உருகி, ஒரு சிறு கிண்ணம் அமைகிறது. ஒருவரும் செதுக்காத அக்கிண்ணத்தில் நிற்கும் உருகிய மெழுகு, துணியின் ஒரு முனையை நீரில் இட்டால் நீர் துணி வழியே ஏறுவது போல, திரியின் நுண்ணிய இடைவெளிகளின் வழியே ஏறுகிறது. காற்று வீசும் இடத்தில் வைத்த வத்தி ஒருபுறமாக உருகி வழிவதற்குக் காரணமும் இதனால் விளங்குகிறது. காற்றோட்டம் சமமாக இராதபோது கிண்ணத்தின் விளிம்பு சிதைகிறது.

அடுத்த வினா இன்னும் நுட்பமானது. எரிவது எது? உருகிய மெழுகா? சுடரின் நடுவே ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயின் முனையை வைத்தார் பாரடே. மறுமுனையின் வழியே மெழுகின் ஆவி வெளியேறிற்று. அதிற் கொளுத்தியபோது அங்கும் ஒரு சுடர் எரிந்தது. எரிவது மெழுகின் ஆவி என்பதைச் சிறுவர் கண்ணாற் கண்டனர். இதனை வீட்டிலும் சோதிக்கலாம். பெரியோர் அருகிருக்க, நன்றாக எரியும் மெழுகுவத்தி ஒன்றை மெல்ல ஊதி அணைத்தால், திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் குச்சியொன்றை, திரியைத் தொடாமல், ஓரிரு அங்குலத்திற்கு மேலே அப்புகையிற் காட்டினால், தீ புகை வழியே இறங்கி ஓடித் திரியைப் பற்றும். காற்றசைவு இல்லாத அறையில்தான் இது கைகூடும். முதன்முறை தவறினும் மீண்டும் முயலலாம்.

சுடரின் குறுக்கே தாள் ஒன்றை நொடிப்பொழுது பிடித்து எடுத்தார். தாளின் நடுவே கருகவில்லை. சுற்றிலும் வட்டமாகக் கருகியிருந்தது. சுடரின் நடுவிடம் வெளிவிளிம்பைவிட வெப்பம் குறைந்தது என்பதும், ஆவி காற்றோடு கூடும் விளிம்பிலேயே எரிதல் நிகழ்கிறது என்பதும் அதனால் தெளிவாயின. சுடருக்கு ஒளி தருவது யாது? கருமையான கரியே! ஆவியிலிருந்து பிரியும் நுண்ணிய கரித்துகள்கள் வெப்பத்தால் ஒளிர்கின்றன. சுடரின் மேல் குளிர்ந்த பொருளைப் பிடித்தால் அத்துகள்கள் புகைக்கரியாக அதிற் படிகின்றன. விளக்கின் ஒளியும் விளக்கைக் கறுப்பாக்கும் கரியும் ஒரே பொருளின் இரு தோற்றங்கள் என்பதை அறிந்த சிறுவன் அடுத்த முறை கைவிளக்கின் கண்ணாடியைத் துடைக்கும்போது வேறு கண்ணோடு துடைத்திருப்பான்.

எரிந்தபின் மெழுகு எங்கே சென்றது? பனிக்கட்டியும் உப்பும் நிறைந்த கலத்தைச் சுடருக்கு மேல் பிடித்தார். கலத்தின் அடியில் நீர்த்துளிகள் அரும்பின. தீயிலிருந்து தண்ணீர்! அது தண்ணீர்தானா என்று ஐயுறுவோருக்காக, ஒரு துளியிற் பொட்டாசியத்தை இட்டார். அது தீப்பற்றி எரிந்து, துளி தண்ணீரே என்று சான்று கூறிற்று. ஒரு பைந்து எண்ணெயை முறையாக எரித்தால் ஒரு பைந்துக்குச் சற்றே மிகுதியான தண்ணீர் உண்டாகும் என்று அவர் சொன்னபோது, காற்றிலிருந்து ஏதோ ஒன்று வந்து கலந்தமையாலன்றி அது நிகழாது என்பதைக் கேட்போரே உய்த்துணரும் நிலைக்கு வந்திருந்தனர். அதன்பின் ஹைட்ரஜன், பிராணவாயு, கரியமிலவாயு எனச் சொற்பொழிவு விரிந்தது. கரியமிலவாயு சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போல் வெண்மையாக்கும். மெழுகுவத்திச் சுடரிலிருந்து எழும் வாயு அவ்வாறு செய்வதைக் காட்டியபின், தம் மூச்சைக் குழாய் வழியே அத்தெளிநீரில் ஊதினார். அதுவும் வெண்மையாயிற்று. உண்ட உணவிலுள்ள கரி, உட்கொண்ட பிராணவாயுவோடு கூடி உடலுள் மெல்ல எரிகிறது; அவ்வெரிதலே உடலின் வெப்பம். மாந்தன் ஒருவன் ஒரு நாளில் ஏறத்தாழ 7 அவுன்சு, அதாவது 200 கிராம் அளவு கரியை இவ்வாறு எரிக்கிறான் என்று அவர் கணக்குக் கூறினார்.

1860-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளின்போது பாரடேயின் வயது 69. நினைவாற்றல் குறைந்துவந்த காலம் அது. சிறுவருக்கு அவர் நிகழ்த்திய கடைசித் தொடரும் அதுவே. அவர் பேசப் பேச ஒருவர் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். வில்லியம் குரூக்சு என்னும் இளம் இரசாயன அறிஞர் அவற்றைத் தம் இதழில் வெளியிட்டு, 1861-ஆம் ஆண்டில் நூலாகப் பதிப்பித்தார். அதே ஆண்டில் தாலியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தவரும் அவரே. அரங்கில் அமர்ந்து கேட்டவர் சில நூற்றுவர்; நூலின் வழியாகக் கேட்டவர்க்குக் கணக்கில்லை.

ஆறாம் சொற்பொழிவின் தொடக்கத்தில், அவையிலிருந்த அம்மையார் ஒருவர் அளித்த இரண்டு மெழுகுவத்திகளைப் பாரடே சிறுவருக்குக் காட்டினார். அவை தொலைவிலுள்ள ஜப்பானிலிருந்து வந்தவை; ஓவிய வேலைப்பாடு மிக்கவை. அவற்றின் திரிகள் உள்ளே துளையுடையனவாக இருந்ததைச் சுட்டி, அத்துளையின் வழியே காற்றுச் செல்வதன் சிறப்பை அவர் விளக்கினார். அந்நாட்டிலும் அந்நூல் பின்னர் மொழிபெயர்க்கப்பட்டு இளையோர் கைக்குச் சென்றது. 1945-ஆம் ஆண்டிற் பிறந்த யோஷினோரி ஓசுமி என்பவருக்கு இளமையில் அவர் மூத்த சகோதரர் அந்நூலைக் கொடுத்தார். உயிரணுக்கள் தம் கழிவுகளைத் தாமே சிதைத்துப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்த ஓசுமி 2016-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 1948-ஆம் ஆண்டிற் பிறந்த அகிரா யோஷினோ என்பவர் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பயின்றபோது, அவருடைய ஆசிரியை அந்நூலைப் படிக்குமாறு கூறினார். மெழுகுவத்தி ஏன் எரிகிறது, அதற்குத் திரி எதற்கு, சுடர் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்ற வினாக்கள் அச்சிறுவனின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. கைத்தொலைபேசி முதலியவற்றை இயக்கும் லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக 2019-ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் யோஷினோவும் ஒருவர். தமக்கு இரசாயனத்தில் ஆர்வம் பிறந்தது எப்போது என்று வினவியோரிடம் அவர் அந்த ஆசிரியையையும் அந்த நூலையும் குறிப்பிட்டார்.